கிறிஸ்துமஸ் கடைத்தெருவுக்கு யார் பொறுப்பு?

டிசம்பர் 23 வரை அரையாண்டுத் தேர்வு. 24-ஆம் தேதி பள்ளி விடுமுறை தொடங்குகிறது. 25-ஆம் தேதி கிறிஸ்துமஸ். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் துணியெடுக்க ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த 24-ஆம் தேதி ஒன்றுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தப் பண்டிகையைக் கொண்டாடுகிறவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் 18.7 லட்சம் மக்களில் 46.85 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். எட்டே முக்கால் லட்சம் பேர். அவர்களில் பத்தில் ஒருவர் அன்று வீட்டை விட்டுக் கிளம்பினாலே கடைத்தெருக்கள் தாங்காது. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல், குளச்சல் என்று எந்த ஊரானாலும் நிலைமை ஒன்றுதான். அதனால் ஓர் ஊரையோ ஓர் அலுவலகத்தையோ பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது என் நோக்கமில்லை.

என் கேள்வி ஒன்றுதான். மழை எப்போது வரும், வெள்ளம் எங்கே புகும் என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம். கிறிஸ்துமஸ் என்றைக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தேதி மாறாத ஒரு பண்டிகைக்கு, வருவதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு கூட்டத்துக்கு, ஏன் ஆண்டுதோறும் எந்த முன்னேற்பாடும் இல்லை?

கடைசி நாள்வரை ஏன் காத்திருக்கிறார்கள்?

"முன்னாடியே வாங்கி வைக்க வேண்டியதுதானே" என்று சொல்பவர்கள் உண்டு. கையில் பணமும் ஓய்வும் இருப்பவர்களுக்கு அது எளிது. உழைத்து அன்றாடம் சம்பாதிக்கும் குடும்பத்தின் கணக்கு வேறு.

கிறிஸ்துமஸ் மாதக் கடைசியில் வரும் பண்டிகை. மாதச் சம்பளக்காரருக்கு நவம்பர் மாதச் சம்பளம் அதற்குள் கரைந்திருக்கும். டிசம்பர் சம்பளம் பண்டிகை முடிந்த பிறகுதான் வரும். போனஸ் பெரும்பாலான இடங்களில் தீபாவளிக்கே கொடுத்து முடிந்துவிடுகிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கான்ட்ராக்டர் கணக்கை முடித்துப் பணம் கொடுப்பது 23-ஆம் தேதி மாலை, இல்லையென்றால் 24 காலை. வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வேலை செய்கிறவர்கள் ஊர் வந்து சேர்வதும் அந்த இரண்டு மூன்று நாட்களில்தான்.

கடற்கரை ஊர்களின் கதை இன்னும் நெருக்கடியானது. என் அண்ணன் ஆழ்கடல் விசைப்படகில் வேலை செய்கிறார். படகு கொச்சியில் கரையேறி, மீனை இறக்கி, ஏலம் முடிந்து, டீசல் செலவும் ஐஸ் செலவும் கழித்துப் பங்கு பிரித்துக் கையில் கொடுத்தால்தான் அந்த வீட்டில் பண்டிகை. கடந்த முறை பங்குப் பணம் கைக்கு வந்தது 22-ஆம் தேதி இரவு. மறுநாள் அவர் வீடு வந்து சேர்ந்தபோது மூத்தவளுக்குக் கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

இயற்கையும் சில ஆண்டுகளில் குறுக்கே வந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் பெருமழை புரட்டிப் போட்டது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் தவித்தன, கன்னியாகுமரியும் தப்பவில்லை. பண்டிகைக்குச் சரியாக ஒரு வாரம் இருந்த நேரம். முன்னாடியே வாங்கலாம் என்று நினைத்தவர்களால்கூட அந்த ஆண்டு வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை.

எனவே கடைசி நாள் கூட்டத்தை மக்களின் சோம்பல் என்று ஒதுக்குவது நியாயமில்லை. பள்ளி அட்டவணையும் கூலிக் கணக்கும் கடலும் சேர்ந்து அவர்களை அந்த ஒரே நாளில் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

ஒரு குடும்பத்தின் ஒரு பகல்

கடந்த டிசம்பர் 24 அன்று அண்ணன், மைனி (அண்ணி), எழுபதைத் தாண்டிய எங்கள் அம்மா, இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் நானும் கடைக்குப் போனேன். வாங்க வேண்டியவை எல்லா வீட்டுக்கும் பொதுவானவைதான். எல்லோருக்கும் புதுத்துணி, சின்னவனுக்குச் செருப்பு, வீட்டு முகப்பில் தொங்கவிட ஒரு ஸ்டார், கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சீரியல் செட், உடைந்துபோன ஆட்டுக்குட்டி பொம்மைக்கு மாற்று, கேக். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் வீட்டிலேயே சுட்டாயிற்று.

பேருந்து நிலையத்திலிருந்து ஜவுளிக்கடை அதிக தூரமில்லை. அந்த வழியைக் கடக்க அம்மா பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

நடைபாதை இருந்தது. ஆனால் நடக்க முடியவில்லை. முதலில் ஒரு கடையின் பொம்மைகள் பாதி நடைபாதையில் நின்றன. அதை அடுத்து வரிசையாக இருசக்கர வாகனங்கள். பிறகு ஒரு ஜெனரேட்டர். அதற்கப்பால் மூடியில்லாத வடிகாலின் மேல் சாய்த்துப் போட்ட ஒரு கல். ஒவ்வொரு தடையிலும் அம்மா நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்க வேண்டும், பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நாலு எட்டு வைக்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். விளிம்புக் கல்லின் உயரம் அம்மாவின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. மூட்டு வலிக்காரர் ஒருவர் அப்படி எத்தனை முறை ஏறி இறங்க முடியும்? ஒரு கையால் என் தோளையும் மறு கையால் மின்கம்பத்தையும் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றுவிட்டார். சக்கர நாற்காலியில் வருபவர் அந்தத் தெருவுக்குள் நுழையவே முடியாது.

நகரச் சாலைகளுக்கான இந்திய சாலைப் பேராயத்தின் நெறிமுறை, எந்தத் தடையும் இல்லாத நடைவழி குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. கடைகள் நிறைந்த பகுதிகளுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கிறது. நாங்கள் நடந்த இடத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தாண்டிப் போகவே வழியில்லை.

வெயில் ஏறியதும் தண்ணீர் பாட்டிலை அம்மாவிடம் நீட்டினேன். "வேண்டாம் மக்களே. குடிச்சா பொறவு எங்க போறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற வயதான ஒருவர், காலை ஒன்பது மணியிலிருந்து மாலைவரை தொண்டையை நனைக்காமல் இருந்தார். மைனியும் அப்படித்தான், நானும் அப்படித்தான். கடைத்தெருவில் பெண்கள் போக ஒரு கழிப்பறை கண்ணில் படவில்லை. பேருந்து நிலையத்துக் கழிப்பறைக்குத் திரும்பிப் போவதென்றால் அதே கூட்டத்தில் அதே மேடு பள்ளத்தில் நீந்த வேண்டும். போனாலும் வாசலில் நீண்ட வரிசை. உள்ளே தண்ணீர் இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாளில் தெருவில் நிற்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள். மாதவிடாய் நாளில் வருபவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர் ஆகியோரின் நிலையை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கப் பேருந்து நிலையங்களில் தனி அறைகள் 2015-இலேயே தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டன. நல்ல திட்டம். கடைத்தெருவில் நிற்கும் தாய்க்கும் அந்தத் தேவை உண்டு என்பதை யாராவது யோசிக்க வேண்டாமா?

ஜவுளிக்கடையின் மாடிப்படியில் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். படியின் திருப்பத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவசர வழி என்று எழுதிய கதவுக்கு முன்னால் தள்ளுபடித் துணி மேசை. 2017 மே மாதக் கடைசி நாளில் சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக் கட்டடம் ஒன்று பற்றி எரிந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அது அதிகாலை நேரம். கடையில் வாடிக்கையாளர்கள் இல்லை. அதே தீ ஒரு டிசம்பர் 24 மாலையில், பெட்டி அடைத்த படிக்கட்டுள்ள ஒரு கடையில் பிடித்தால் என்ன ஆகும் என்று எண்ணவே நெஞ்சு பதறுகிறது.

நிற்கிறவர்களின் கிறிஸ்துமஸ்

அந்தக் கடையில் மூத்தவளுக்குச் சுடிதார் எடுத்துக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். காலை எட்டரைக்கு வந்தவள். நாங்கள் போனபோது மாலையாகிவிட்டிருந்தது. இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்து வலது காலின் மேல் வைத்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்றபடி துணியை விரித்துக் காட்டினாள். உனக்குத் துணியெடுத்தாயிற்றா என்று மைனி கேட்டதற்கு, "இன்னும் இல்லக்கா. கடை பூட்டின பிறவுதான்" என்றாள். கடை பூட்டும்போது இரவு பதினொன்றாகும் என்றும் அவளே சொன்னாள். அவளுடைய ஊர்க் கோவிலில் நள்ளிரவுத் திருப்பலி தொடங்குவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான்.

ஊரே அவளிடம் துணியெடுக்கிறது. அவளுக்கு மட்டும் பண்டிகைக்கு முந்தின இரவு இல்லை.

அவளுக்கும் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இலேயே வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. மிகை நேரம் சேர்த்தாலும் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டமன்றம் திருத்தமும் கொண்டுவந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் கடை திறக்க 2019-இல் அனுமதி தந்த அரசாணை, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க அவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தகுந்த பாதுகாப்பும் வேண்டும் என்கிறது. சட்டத்தைப் படித்தால் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும், மாலையிலேயே வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அந்த மாடி முழுக்கத் தேடியும் ஊழியர்களுக்கென்று ஒரு ஸ்டூல்கூட என் கண்ணில் படவில்லை.

வாங்கியதைத் திருப்பினால்

சின்னவனின் சட்டையை வாங்கி வெளியே வந்து பிரித்தபோதுதான் மைனி பார்த்தார். தோளில் தையல் விட்டிருந்தது. உடனே திரும்பிப் போனோம். "பண்டிகை நேரத்துல மாத்த மாட்டோம். பில்லுலயே போட்டிருக்கு" என்று பதில் வந்தது. பின்னால் நூறு பேர் நிற்கும்போது யாரால் சண்டை போட முடியும்? பையன் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு அண்ணன் வேறொரு சட்டைக்குப் பணம் கொடுத்தார்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பலாம். பில் கொடுக்க மறுப்பதும் அதே குற்றம். திரும்பப் பெற மாட்டோம் என்று அச்சடித்துவிட்டால் சட்டம் செல்லாமல் போய்விடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைத்தெருவில் ஒரு பலகையிலாவது இந்த எண்ணை எழுதி வைத்திருந்தால் அண்ணனைப் போன்ற ஆயிரம் பேரின் பணம் மிஞ்சும்.

இரவில் வீடு திரும்ப

பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. மைனியைப் போன்றவர்களுக்கு அது பெரும் உதவி. கட்டணமில்லை என்றாலும் வண்டி இருந்தால்தானே ஏற முடியும்? இரவு எட்டரைக்குப் பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் போக வேண்டிய சாதாரணப் பேருந்துகள் அடங்கிவிட்டன. வந்த ஒன்றிரண்டு வண்டிகளிலும் படிக்கட்டில் தொங்கினார்கள். இரண்டு கையிலும் பையோடு, அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அதில் ஏறுவது எப்படி? கடைசியில் ஆட்டோக்காரர் கேட்ட தொகையைக் கொடுத்துத்தான் வீடு வந்தோம். சின்னவனின் செருப்பை விட அது அதிகம்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பண்டிகைக்கு ஊருக்கு வருபவர்களுக்குச் சிறப்புப் பேருந்துகள் அறிவிக்கப்படுகின்றன. அது தேவைதான். ஊருக்குள்ளேயே இருக்கிறவர்கள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதும் பண்டிகைப் பயணம்தான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

செய்யக்கூடியவை

இதையெல்லாம் சரிசெய்யக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. தீபாவளிக்குச் சென்னை தியாகராய நகரில் காவல்துறை கண்காணிப்புக் கோபுரம் அமைக்கிறது, கேமரா வைக்கிறது, போக்குவரத்தை மாற்றிவிடுகிறது. செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் 20 முதல் 24 வரை கன்னியாகுமரி மாவட்டத்துக்கும், கிறிஸ்தவர்கள் அதிகம் வாழும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளுக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும்.

முதலில் வாகனங்கள். 24-ஆம் தேதி பள்ளிகளுக்கு விடுமுறை. அவற்றின் மைதானங்கள் அன்று காலியாகத்தான் கிடக்கும். கடைத்தெருவைச் சுற்றியுள்ள பள்ளி, கல்லூரி மைதானங்களை வாகன நிறுத்தத்துக்குத் திறந்துவிட்டு, முக்கியக் கடைவீதியை அன்று முழுவதும் நடப்பவர்களுக்கு மட்டும் என்று அறிவிக்கலாம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் சிறிய வண்டிகளை உள்ளே விடலாம்.

அடுத்தது நடைபாதை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றம் என்றவுடன் அதிகாரிகளின் கை முதலில் பாய்வது ஸ்டார் விற்கும் தள்ளுவண்டிக்காரர்மேல்தான். பெரிய கடை நடைபாதையில் நிறுத்திய பொம்மையும் ஜெனரேட்டரும் அப்படியே நிற்கும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம், வியாபாரிகளையும் உறுப்பினர்களாகக் கொண்ட நகர விற்பனைக் குழு ஒவ்வோர் ஊரிலும் இயங்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவை நவம்பரிலேயே கூட்டி, பண்டிகைக் கடைகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுங்கள். மூன்று வாரம் உழைத்து ஆண்டுச் செலவில் ஒரு பங்கைத் தேடிக்கொள்ளும் ஏழையின் பிழைப்பும் கெடக் கூடாது, அம்மா நடக்கவும் வழி வேண்டும்.

மூன்றாவது கழிப்பறை. திருவிழாக்களுக்குக் கொண்டுவரும் நடமாடும் கழிப்பறைகளைக் கடைவீதியின் இரு முனைகளிலும் நிறுத்தி, தண்ணீரும் விளக்கும் பெண் பணியாளரும் இருப்பதை உறுதி செய்யுங்கள். துப்புரவுப் பணியாளர்களிலும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முறை வைத்து விடுப்பும் கூடுதல் கூலியும் தர மறக்காதீர்கள். பெரிய கடைகள் தங்கள் கழிப்பறைகளைப் பெண் வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று உரிமம் புதுப்பிக்கும்போதே நிபந்தனை போடலாம்.

நான்காவது பேருந்து. 23, 24 இரு நாட்களும் இரவு 11 மணிவரை கடலோர ஊர்களுக்கும் மலையோர ஊர்களுக்கும் பெண்கள் கட்டணமின்றி ஏறக்கூடிய சாதாரணப் பேருந்துகளைக் கூடுதலாக இயக்க வேண்டும். நேர அட்டவணையை ஒரு வாரம் முன்பே வெளியிட்டால் கோவில் அறிவிப்புகளிலேயே சொல்லிவிடலாம்.

ஐந்தாவது ஆய்வு. தீயணைப்புத் துறை, தொழிலாளர் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை, எடையளவுத் துறை ஆகியவை டிசம்பர் இரண்டாவது வாரத்திலேயே கடைகளுக்குப் போய்ப் படிக்கட்டையும் இருக்கையையும் கேக்கையும் தராசையும் பார்க்க வேண்டும். பண்டிகை முடிந்து ஜனவரியில் வரும் ஆய்வால் யாருக்கும் பயனில்லை.

கடைசியாக, கூட்டத்தையே குறைக்கும் வழி. இந்த மாவட்டத்திலாவது அரையாண்டுத் தேர்வை 20-ஆம் தேதியோடு முடிக்கலாம். தனியார் நிறுவனங்களும் கான்ட்ராக்டர்களும் கணக்கை 20-ஆம் தேதிக்குள் தீர்த்துவிடலாம். ஒரே நாள் நெரிசல் நான்கு நாட்களாகப் பரவிவிடும். கடைக்காரர்களுக்கும் அதில் நஷ்டமில்லை. நின்று நிதானமாக வாங்குகிறவர் கூடுதலாகத்தான் வாங்குவார்.

கடை முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். 24-ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பெண் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் முன்பே அவர்களுக்குத் துணியெடுக்க அரை நாள் கொடுங்கள். உங்கள் கல்லாவை நிரப்பியவர்கள் அவர்கள்.

பங்குத் தந்தையர்க்கும் சபை ஆயர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலய வளாகங்களில் இடமும் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கின்றன. கடைத்தெருவை ஒட்டிய ஆலயங்கள் 23, 24 ஆகிய இரண்டு நாட்கள் எந்த மதத்தினராயினும் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைக்கலாம். பிரசவத்துக்கு இடம் கிடைக்காமல் மாட்டுத்தொழுவத்தில் தங்கிய ஒரு தாயைத்தான் நாம் குடிலில் வைத்து வணங்குகிறோம்.

வாசகர்களும் காத்திருக்க வேண்டாம். உங்கள் வார்டு உறுப்பினருக்கும், திங்கட்கிழமை தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியருக்கும் இந்தக் கோரிக்கைகளை எழுதிக் கொடுங்கள். டிசம்பரில் கொடுத்தால் காலம் கடந்துவிடும்; செப்டம்பரிலேயே கொடுங்கள். மனுவுக்கு ரசீது வாங்கி, அக்டோபரில் மறுபடி போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நாள் தெரியும், கூட்டம் தெரியும், சட்டமும் இருக்கிறது. இனி வேண்டியது செயல்.